ஆழம் தெரியாமல் காலை விட்ட சுல்தான்

(நூலக வாசகர் வட்ட விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய வணிகர் சங்கத் தலைவர் அவர்களே, வேறொரு கூட்டம் இருந்தும் இன்னும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் வட்டாட்சியர் அம்மா அவர்களே, மைக்கைச் சரிசெய்து கொடுத்த நூலகர் தம்பி, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் கல்லூரிப் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் அரேபியக் கரையைக் கைக்குள் கொண்டுவந்த விதத்தைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். ஏடன், வளைகுடா ஷேக்குகள், மஸ்கட் என்று மூன்று இடங்களைப் பார்க்கலாம். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: ஆழம் தெரியாமல் காலை விடாதே.

ஏடன் என்பது இன்றைய யேமனில் உள்ள துறைமுகம். அதன் கதை நம்ம சென்னையைத் தொட்டுக்கொண்டு வருகிறது. சேப்பாக்கத்தில் இருந்தார்களே கர்நாடக நவாப் குடும்பம், அவர்களுடைய கப்பல் 'தரியா தௌலத்'. ஜித்தாவுக்கு யாத்திரிகர்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு போன அந்தக் கப்பல், 1837 ஜனவரியில் ஏடனுக்குப் பக்கத்தில் தரை தட்டியது. வேண்டுமென்றே தட்ட வைத்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. கரையில் இருந்தவர்கள் சரக்கை அள்ளிக்கொண்டு போனார்கள். பயணிகள் உடுத்தியிருந்த துணியைக்கூட விட்டுவைக்கவில்லை. ஆனால் கப்பலில் பறந்தது பிரிட்டிஷ் கொடி!

பம்பாய் அரசுக்கு அப்போது சூயஸ் போகும் நீராவிக் கப்பல்களுக்கு நிலக்கரி கொட்டிவைக்க ஒரு துறை வேண்டியிருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கேப்டன் ஹெய்ன்ஸ் என்ற கடற்படை அதிகாரி அப்போது ஏடனை ஆண்ட லஹேஜ் சுல்தான் முஹ்சினிடம் போய் 12,000 டாலர் (அன்றைய வெள்ளி நாணயம்) நஷ்டஈடு கேட்டார். சுல்தான் ஒரு பகுதியைச் சரக்காகத் திருப்பிக் கொடுத்தார், மீதிக்குக் கடன் பத்திரம் எழுதினார். சரி, விஷயம் முடிந்தது என்றுதானே நினைப்போம்? ஹெய்ன்ஸ் அடுத்த பேச்சை எடுத்தார்: ஏடனையே கொடுத்துவிடுங்கள், வருஷத்துக்கு 8,700 டாலர் தருகிறோம். சுல்தான் சம்மதம் தெரிவித்து முத்திரை வைத்துக் கடிதம் கொடுத்தார். மகன் ஹமீதுக்கு அது பொறுக்கவில்லை. ஹெய்ன்ஸை மடக்கி அந்தக் காகிதங்களைப் பிடுங்கத் திட்டம் போட்டார்கள். பாருங்கள், ஆளைவிடக் காகிதம்தான் ஆபத்து என்று அப்போதுதான் உறைத்திருக்கிறது! திட்டம் முன்பே தெரிந்துபோனது. ஹெய்ன்ஸ் பம்பாய்க்குப் போய்ப் படையோடு திரும்பினார். 1839 ஜனவரி 19, 'வோலேஜ்', 'குரூசர்' இரண்டு போர்க்கப்பல்களும் சுட்டன. ஏடன் விழுந்தது. விக்டோரியா ராணியின் ஆட்சியில் பிடித்த முதல் மண் அதுதான்.

கடைசியில் ஹெய்ன்ஸ் கதையும் அப்படித்தான் ஆனது. ஏடன் கருவூலக் கணக்கில் பணம் குறைந்தது. 1854-இல் பம்பாயில் வழக்கு நடந்தது. கையாடல் செய்யவில்லை என்று விடுதலையானார்; ஆனாலும் குறைந்த பணத்துக்குப் பொறுப்பு அவர்தான் என்று கடன்காரர் சிறையில் போட்டார்கள். 1860-இல் வெளியே வந்த சில நாட்களிலேயே இறந்துபோனார். கணக்கின் ஆழம் அவருக்கும் தெரியவில்லை.

அப்புறம் வளைகுடா. துபாய் போன்ற இடங்களின் ஷேக்குகள் பிரிட்டனுக்கு எழுதிக் கொடுத்ததைப் பாருங்கள்: 1820-இல் கடற்கொள்ளையை நிறுத்துவதாக ஒப்பந்தம், 1853-இல் நிரந்தரச் சமாதானம், 1892-இல் பிரிட்டனைத் தவிர யாருக்கும் நிலத்தை விற்கவோ அடகு வைக்கவோ மாட்டோம் என்று உறுதிமொழி. 1899-இல் குவைத் ஷேக் முபாரக்கும் அதே மாதிரி ரகசியமாக எழுதிக் கொடுத்தார், கைக்கு வந்தது 15,000 ரூபாய். ஒவ்வொரு தாளும் தனியாகப் பார்த்தால் சின்னதுதான். ஆனால் அந்தப் பிடி குவைத்தில் 1961 வரை, மற்ற ஷேக்குகளிடம் 1971 வரை நீடித்தது.

ஷேக்குக்காவது தாளைப் படித்துச் சொல்ல பக்கத்தில் முன்ஷி, அதாவது எழுத்தர், இருந்தார். இன்றைக்கு அதே துபாய்க்கும் குவைத்துக்கும் போகிற நம் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்? எங்கள் தெருப் பையன் எலக்ட்ரீஷியன் வேலை என்று கிளம்பினான். போய் இறங்கிய பிறகுதான் தெரிந்தது, கையெழுத்துப் போட்ட தாளில் இருந்தது ஹெல்பர் வேலை, பாதிச் சம்பளம். தாள் அரபியிலும் ஆங்கிலத்திலும் இருந்தது. ஏஜென்ட் "இங்கே போடு தம்பி" என்றார், இவனும் போட்டான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்கிறோம், ஆழம் பார்க்க ஒரு கோலாவது கையில் கொடுக்க வேண்டாமா? வெளிநாட்டு வேலை ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கையெழுத்துக்கு முன்பே கொடுக்கச் சட்டம் வேண்டும். இதைத்தான் நான் மேடைக்கு மேடை கேட்டு வருகிறேன்.

தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மஸ்கட்டுக்கும் ஆப்பிரிக்கக் கரையோரத் தீவான சான்சிபாருக்கும் நடந்த பாகப்பிரிவினையை இந்திய வைஸ்ராய் கானிங் பிரபு 1861-இல் தீர்த்துவைத்த கதை இன்னொரு நாளைக்கு. வாசலில் மேசை மேல் மனு இருக்கிறது. படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள், திங்கட்கிழமை ஆட்சியரிடம் கொடுக்கப் போகிறோம். நன்றி, வணக்கம்.