டிஎன்சி விளக்கு எரிகிறது, பாக்கெட் ஏன் போய்ச் சேரவில்லை?

டிஎன்சி-யில் டிரான்ஸ்மிட் விளக்கு எரிகிறது. பக்கத்து ரேடியோவில் ‘பர்ர்ர்’ சத்தமும் கேட்கிறது. ஆனால் எதிர்முனைத் திரையில் ஒரு எழுத்துகூட வரவில்லை! பல நேரம் இதற்குக் காரணம் ஒரே ஒரு எண். வாங்க, அதைப் பிடிப்போம்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஹாம் ரேடியோவுக்கும் கணினிக்கும் நடுவில் இருக்கும் பெட்டிதான் டிஎன்சி. கணினி தரும் எழுத்துகளை ஏஎக்ஸ்.25 என்ற நெறிமுறைப்படி பாக்கெட்டாகக் கட்டி, 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளாக ரேடியோவுக்குக் கொடுக்கும். விஎச்எஃப் என்ற அலைவரிசைப் பகுதியில் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட்.

[திரையில்: டெர்மினல் ஜன்னல்]

‘மைகால்’ கட்டளையில் உங்கள் கால்சைனை, அதாவது உரிமத்தில் உள்ள அழைப்புக் குறியைக் கொடுங்கள். அவ்வளவுதான்.

அடுத்தது, நாம் தேடி வந்த டிஎக்ஸ்டிலே. பிடிடி (ரேடியோவை அனுப்பும் நிலைக்கு மாற்றும் சுவிட்ச்) விழுந்த கணமே ரேடியோ தயாராகிவிடாது. ரிலே மாற வேண்டும், அலைவரிசையை உருவாக்கும் சிந்தசைசர் நிலைக்க வேண்டும், எதிர்முனையில் சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடைத்து வைக்கும் ஸ்குவெல்ச் திறக்க வேண்டும். அதுவரை டிஎன்சி பாக்கெட்டின் எல்லையைக் காட்டும் 01111110 என்ற ஃபிளாக்கையே திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருக்கும். எவ்வளவு நேரம் என்பதைச் சொல்வதுதான் டிஎக்ஸ்டிலே. எண் ஒன்றுக்கு 10 மில்லிசெகண்ட்.

[திரையில்: 30 = 300 மில்லிசெகண்ட்]

30 வைத்தால் 1200 பிட் வேகத்தில் 360 பிட், அதாவது 45 ஃபிளாக்! ஒரு தகவலும் இல்லாத 45 ஃபிளாக், பின்னால் வரும் பாக்கெட்டைக் காப்பாற்றுவதற்காக மட்டும். இந்த ஏற்பாடு எனக்கு ரொம்பப் பிடிக்கும். எண் போதவில்லை என்றால் பாக்கெட்டின் தலை வெட்டுப்படும். ஒரு பிட் போனாலும் கடைசியில் உள்ள சரிபார்ப்பு எண் ஒத்துவராது. எதிர்முனை மொத்தத்தையும் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டுவிடும். அதனால்தான் திரை காலியாகவே கிடக்கிறது. 50-ல் தொடங்குங்கள். ஐந்து ஐந்தாகக் குறையுங்கள். பாக்கெட் தவற ஆரம்பித்ததும் கொஞ்சம் ஏற்றி நிறுத்துங்கள். தேவைக்கு மேல் வைத்தால் எல்லாரும் பகிரும் அலைவரிசையை நீங்கள் மட்டும் அடைத்துக்கொள்வீர்கள்.

இன்னொரு அழகான விஷயம், பெர்சிஸ்ட். அலைவரிசை காலியானதும் எல்லா டிஎன்சி-யும் ஒரே நேரத்தில் பாய்ந்தால் மோதல்தான். எனவே ஒவ்வொன்றும் 256 முகம் கொண்ட பகடையை உருட்டும். 63 வைத்தால் நான்கில் ஒரு வாய்ப்பு. விழவில்லையா? ஸ்லாட்டைம் 10 என்றால் 100 மில்லிசெகண்ட் பொறுத்து, அலைவரிசை இன்னும் காலியாக இருந்தால் மறுபடி உருட்டும்.

டிஎன்சி ரேடியோவுக்குக் கொடுக்கும் ஒலி அளவைப் பொறுத்தவரை, ஏற்றினால் தூரம் போகும் என்று நினைக்காதீர்கள். டீவியேஷன் (ஒலிக்கேற்ப அலைவரிசை விலகும் அளவு) எல்லை மீறி ஒலி சிதையும், டீகோட் ஆகாது.

அப்புறம், கிஸ் மோடு. பாக்கெட் கட்டும் வேலையை டிஎன்சி கணினியிடமே விட்டுவிடும் நிலை இது. இதில் டிஎக்ஸ்டிலேயைக் கணினி மென்பொருளில் கொடுங்கள். இந்த மோடில் பெட்டி எந்தக் கட்டளைக்கும் பதில் சொல்லாது. கெட்டுப்போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். 192, 255, 192 என்ற மூன்று பைட்டை அனுப்புங்கள், வழக்கமான நிலைக்குத் திரும்பிவிடும். உங்கள் ரேடியோவில் டிஎக்ஸ்டிலே எவ்வளவு வரை இறங்கியது? ரேடியோ மாடலோடு கமெண்டில் போடுங்கள், அதே செட் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.