தனித் தாழ்ப்பாள்

தலைவர் அவர்களே, மேடையில் அமர்ந்திருக்கும் முன்னாள் துணைவேந்தர் அவர்களே, எங்கள் கோரிக்கை மனுவை மூன்று முறை திருத்திக் கொடுத்த வழக்கறிஞர் அம்மா அவர்களே, எனக்கு முன்பு பேசி, நான் வைத்திருந்ததில் பாதியைப் பேசிவிட்டு அமர்ந்திருக்கும் மருத்துவர் அவர்களே, காலையிலிருந்து நாற்காலி சுமந்த தம்பிகளே, முன்வரிசையை விட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே இடம்பிடித்திருக்கும் பெரியவர்களே, எல்லோருக்கும் வணக்கம். துணைவேந்தர் அவர்கள் இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியவர். எனக்காக இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.

வயது வந்தவர்கள் யாரோடு வாழ்வது என்பது தலைப்பு. இருபதுகள், நாற்பதுகள், எழுபதுக்கு மேல் என்று மூன்று பருவங்களையும் பேசுவதாகச் செயலாளரிடம் ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

முதலில் இளையவர்கள். 2022ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பின்லாந்தில் பிள்ளைகள் பெற்றோர் வீட்டை விட்டு வெளியேறும் சராசரி வயது ஏறத்தாழ 21. குரோஷியாவில் 33. ஒரே கண்டம், பன்னிரண்டு வருட வித்தியாசம். பின்லாந்துப் பிள்ளைக்குப் பாசம் குறைவு, குரோஷியப் பிள்ளைக்குச் சோம்பல் அதிகம் என்றா சொல்வீர்கள்? வாடகையும் வேலையும் அரசு உதவியும் சேர்ந்துதான் பாதி முடிவை எடுக்கின்றன. 'பதினெட்டு வயதில் வெளியே அனுப்பிவிடுவார்கள்' என்று நாம் கதை சொல்லும் அமெரிக்காவில், 2020 ஜூலையில் 18 முதல் 29 வயது வரையுள்ளவர்களில் 52 சதவீதம் பேர் பெற்றோரோடு இருந்தார்கள். பெருந்தொற்று வந்ததும் இன்னும் பலர் பெட்டியோடு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் இருக்கும் மகனைக் குறை சொல்வதற்கு முன்னால் இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்.

நாற்பதுகளைப் பற்றிப் பிறகு பேசுகிறேன். அங்கே பேச நிறைய இருக்கிறது.

'அந்தக் காலத்தில் உலகம் முழுக்க எல்லோரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள்' என்று மருத்துவர் அவர்கள் சொன்னார். மன்னிக்க வேண்டும். இங்கிலாந்தின் பழைய பதிவேடுகளைப் புரட்டிய வரலாற்றாசிரியர் பீட்டர் லாஸ்லெட், தொழிற்புரட்சிக்கு முன்பே அங்கே ஒரு வீட்டில் சராசரியாக ஐந்து பேர்கூட இல்லை என்று காட்டினார். மூன்று தலைமுறை சேர்ந்திருந்த வீடுகள் அங்கே குறைவுதான். ஒரே கூரைதான் பாசத்துக்கு அளவுகோல் என்றால், அந்த ஊரில் பாசமே இருந்திருக்காது.

என் அம்மா அடிக்கடி சொல்லும் பழமொழி: கிட்ட உறவு முட்டப் பகை. எங்கள் அமைப்பின் கூட்டங்களுக்கு வருகிறவர்கள் இதைப் பலமுறை கேட்டிருப்பீர்கள். இன்றும் கேட்கத்தான் போகிறீர்கள்.

அப்பா போன பிறகு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். எனக்கு அம்பது வயது, என் மகனுக்கு இருபத்துநாலு. அவன் வேலை முடிந்து வருவது விடியற்காலை மூன்றரைக்கு. அம்மா எழுவது நாலரைக்கு. கூடத்தில் அவன் கண்ணை மூடியதும் அம்மா விளக்கைப் போடுவார். அவன் போர்வையை இழுத்து மூடுவான். 'உடம்பு சரியில்லையா?' என்று அம்மா நெற்றியில் கை வைப்பார். அவன் கத்துவான். அதைக் கேட்டு என் மனைவி எழுந்து வருவார். 'எங்க வீட்டுல யாரும் இப்படிக் கத்த மாட்டாங்க' என்பார் அம்மா. 'எங்க வீடு' என்ற அந்த ஒரு வார்த்தைக்கு மூன்று நாள் மௌனம். குளியலறை வாளியை எந்தப் பக்கம் கவிழ்ப்பது என்பதற்குக்கூட எங்கள் வீட்டில் இரண்டு கட்சி இருந்தது. நான் எதிலும் சேராத உறுப்பினர். இரண்டு கட்சியும் என்னைத்தான் திட்டும்.

ஒருநாள் அம்மாவே சொன்னார்: 'கிட்ட உறவு முட்டப் பகைடா. எனக்குன்னு உள்பக்கம் போட்டுக்க ஒரு தாழ்ப்பாள் வேணும். அவ்வளவுதான்.' நாலு வீடு தள்ளி, தரைத்தளத்தில் ஒரே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. அதைத் தேட ஐந்து மாதம் ஆயிற்று, ஏனென்றால் அப்படி ஓர் அறையை யாரும் கட்டுவதில்லை. சொந்தக்காரர்கள் என்ன சொன்னார்கள் தெரியுமா? 'அம்மாவைத் துரத்திவிட்டான்.'

சரி, அப்புறம் என்ன நடந்தது? மகன் வேலை முடிந்து நேராக எங்கள் வீட்டுக்கு வருவதில்லை. நாலரை வரை தெருமுனையில் வண்டியை நிறுத்திக் காத்திருந்து, பாட்டி விளக்கைப் போட்டதும் அங்கே போய்விடுகிறான்! தன் மனதில் ஒரு பெண் இருப்பதை அங்கேதான் முதலில் சொன்னான். எங்களுக்குத் தெரிந்தபோது, பெண்ணுக்கும் பாட்டிக்கும் ஏழு மாதப் பழக்கம். (கைதட்டல்)

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1963இல் ஆஸ்திரியாவின் சமூகவியலாளர்கள் ரோசன்மாயரும் கோக்கைஸும் முதியவர்கள் விரும்புவது 'தூரத்தில் இருந்தபடியே நெருக்கம்' என்று எழுதினார்கள். ஜப்பானில் இதற்கு ஒரு சொல்வழக்கே இருக்கிறது: சூப் ஆறிப்போகாத தூரம். சிங்கப்பூர் அரசு இதைக் கிலோமீட்டரிலேயே அளந்துவிட்டது. பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனைக்கு வரும் அரசு அடுக்குமாடி வீட்டை வாங்கினால் மானியம். என்னைக் கேட்டால் 4 கிலோமீட்டர் அதிகம். முழங்கால் வலி உள்ளவர் அவ்வளவு தூரம் நடக்க மாட்டார்.

ஆகவே எங்கள் கோரிக்கை ஒன்றுதான். எங்கே அடுக்குமாடி கட்டினாலும், நூறு வீட்டுக்குப் பத்து வீடு தரைத்தளத்தில் ஓர் அறை, ஒரு குளியலறை, தனி வாசல் என்று கட்ட வேண்டும். அவற்றை அதே கட்டடத்தில் இருப்பவர்களின் பெற்றோருக்கு, அல்லது தனியே இருக்கப் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு, முதலில் கொடுக்க வேண்டும். 'வாகனம் நிறுத்தும் இடம் போய்விடுமே' என்றார் கட்டுமானத்துறை நண்பர் ஒருவர். காருக்கு இடம் ஒதுக்க விதி இருக்கிறது, அம்மாவுக்கு இல்லையா என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

நாற்பதுகளைப் பற்றிப் பேச நேரமில்லை. துணைவேந்தர் அவர்கள் எழுந்துவிட்டார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. ஒரே வீட்டில் இருந்து வந்திருக்கும் மாமியாரும் மருமகளும் தனித்தனியாகக் கையெழுத்துப் போடலாம். பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள், போன கூட்டத்தில் ஆறு பேனா காணாமல் போயிற்று.