ஓடில்லா நத்தை இன்னொரு நத்தையைத் தின்னுமா?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு அண்ணாச்சி கேட்டிருக்கிறார். கார்த்திகை மழைக்குப் பிறகு ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு வாழைத் தோட்டத்துக்குப் போயிருக்கிறார். பெரிய ஆப்பிரிக்க நத்தை ஒன்றின் ஓட்டு வாயில், அட்டை மாதிரி கறுப்பாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததாம். "இது நத்தையை வேட்டையாடுகிற ஜாதியா? அப்படியென்றால் நிறையப் பிடித்துத் தோட்டத்தில் விடலாமா?" என்கிறார்.

அது அட்டை இல்லை அண்ணாச்சி. தட்டையாக, தோல் மாதிரி, நடு முதுகில் வெளிறிய கோடு ஒன்று இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அது நம்ம பக்கம் மழைக்குச் சாதாரணமாக வருகிற ஓடில்லா நத்தை. இலை, தளிர்தான் அதன் சாப்பாடு. ஆனால் ஓடில்லா நத்தைகளில் பலவும் செத்துக் கிடப்பதையும் விடாது. அந்த ஆப்பிரிக்க நத்தை முன்னமே செத்திருக்கும், இது மிச்சத்தை நக்க வந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனாலும் உங்கள் சந்தேகம் வீண் இல்லை. இதற்கு நெருங்கிய சொந்தத்திலேயே உண்மையான வேட்டைக்காரன் ஒருவன் இருக்கிறான். பெயர் அட்டோபோஸ். போர்னியோ, நியூகினி, ஆஸ்திரேலியாவின் வடகிழக்குக் காடுகளில் வாழ்கிறது. எனக்கு இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த மனசு வராது.

நத்தையின் நாக்கு ஒரு நாடா. அதன்மேல் வரிசை வரிசையாக நுண்ணிய பற்கள். இலை தின்கிறவை அதைத் தேங்காய்த் துருவி போல வைத்துச் சுரண்டும். மாமிசம் தின்கிறவற்றுக்கு அந்தப் பற்கள் நீண்டு, கூராகி, தூண்டில் முள் மாதிரி இருக்கும். போர்னியோவின் சுண்ணாம்புக்கல் குன்றுகளில் சில மில்லிமீட்டரே உள்ள குட்டி நத்தைகள் உண்டு. அட்டோபோஸ் அதை உடம்பின் முன்பகுதியால் பிடித்துக்கொள்ளும். ஓட்டு வாய் வழியாக உள்ளே எட்டினால் சரி, எட்டாவிட்டால் ஓட்டின் பக்கவாட்டில் சுரண்டிச் சுரண்டித் துளை போட்டு உள்ளே இருப்பதைத் தின்றுவிடும். அந்தக் குட்டி நத்தைகளின் ஓட்டில் விலா எலும்பு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் வரிகளும், விசித்திரமான முறுக்கலும் இந்த எதிரிக்கான தற்காப்பு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தனக்கென்று ஓடு இல்லாதது அட்டோபோஸுக்கு ஒரு வசதியும்கூட. இடுக்கில் நுழைய எதுவும் தடுக்காது.

அப்புறம், பிடித்துவந்து விடுவது பற்றி. தயவுசெய்து வேண்டாம். உங்கள் தோட்டத்தில் இருப்பதை விட்டால் வாழைக்கன்றைத்தான் தின்னும். வெளியிலிருந்து வேட்டைக்காரனைக் கொண்டுவருவது அதைவிட ஆபத்து. ஆப்பிரிக்க நத்தையை ஒழிக்க 1955-இல் ஹவாய்த் தீவுகளில் அமெரிக்காவின் ஓநாய் நத்தையை விட்டார்கள். 1977-இல் மூரேயா தீவிலும் விட்டார்கள். அது ஆப்பிரிக்க நத்தையை விட்டுவிட்டு, அந்தத் தீவுக்கே சொந்தமான மர நத்தைகளைத் தேடித் தேடித் தின்றது. பத்தே வருஷத்தில் மூரேயாக் காட்டில் அந்த இனங்கள் ஏறக்குறைய எல்லாமே அழிந்துபோயின. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் வேறெங்கும் இல்லாத நத்தைகள் எத்தனையோ இருக்கின்றன. அவற்றுக்கு அந்தக் கதி வரக்கூடாது.

வேட்டைக்காரர்கள் இங்கேயே இருக்கிறார்கள். மின்மினியின் புழு நத்தையைக் கடித்து விஷம் ஏற்றி, சதையைக் கரைத்துக் குடிக்கும். செம்போத்து பெரிய நத்தையையும் விடாது. மற்ற நத்தைகளைத் தின்கிற சின்னஞ்சிறு நத்தைகளும் நம்ம மண்ணில் உண்டு. மருந்தைக் கண்டபடி தூவினால் இவையும் சேர்ந்து போகும். ஆப்பிரிக்க நத்தையை மட்டும் பொழுது சாய்ந்ததும் கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்.

வெற்று ஓடு கிடைத்தால் புரட்டிப் பாருங்கள் அண்ணாச்சி. நொறுங்கியிருந்தால் பறவையோ எலியோ. முழுசாக இருந்து உள்ளே சுத்தமாக இருந்தால் மின்மினிப் புழுவாக இருக்கலாம். பக்கவாட்டில் சுரண்டிய துளை இருந்தால் மட்டும், போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள்.