துவரம் பருப்பு கேட்ட பாட்டி

நேயர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூரில் பசியா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். திரும்பிய பக்கமெல்லாம் உணவங்காடி, காப்பிக்கடை. ஆனால், 2019இல் சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகம் எடுத்த ஆய்வில், அதற்கு முந்தைய ஓராண்டில் ஒரு தடவையாவது சத்தான, போதுமான சாப்பாட்டுக்குத் திண்டாடிய குடும்பம் ஏறக்குறைய பத்தில் ஒன்று. உங்கள் மாடியில் பத்து வீடு இருந்தால், அதில் ஒரு கதவு என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அப்படி ஒரு கதவைத்தான் நான் மாதாமாதம் தட்டுவேன். தொண்டூழியராக உணவுப் பை கொண்டுபோன காலம் அது. ஓரறை வாடகை வீடு. எழுபது தாண்டிய பாட்டி, தனியாள். பையை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்வார், "நல்லா இருங்க தம்பி" என்பார். ஒரு நாள் மழை. உள்ளே வந்து உட்காரச் சொன்னார். அடுப்பு மேடைக்குக் கீழே பார்த்தேன்: வரிசையாக டின்கள். சார்டின், லஞ்சன் மீட், மறுபடி சார்டின். தூசி தட்டித் துடைத்து அடுக்கியிருந்தார்.

"ஏன் பாட்டி, சாப்பிடலையா?"

"நான் சைவம் தம்பி. கொண்டுவந்து குடுக்கிற பிள்ளைகிட்ட எப்படிச் சொல்றது?"

பக்கத்து வீட்டுச் சீன அம்மாவிடம் அவ்வப்போது ஒரு டின்னைக் கொடுத்து டோஃபு வாங்கிக்கொள்வாராம். என்னதான் வேண்டும் என்று கேட்டேன். "ஒரு கிலோ துவரம் பருப்பு, கொஞ்சம் புளி. ரசம் வச்சா ரெண்டு நாளைக்கு ஓடும்."

எத்தனை மாதம் அந்த வாசலில் நின்றேன்! ஒரு தடவைகூட அந்தக் கேள்வியை நான் கேட்டதில்லை. கொடுக்கிறோம் என்ற நினைப்பிலேயே இருந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கே போனாலும் இதைத்தான் பேசுகிறேன். வாங்குகிறவர் கையால் எடுத்துக்கொள்ளட்டும். நீரிழிவு உள்ளவருக்கு எது ஆகும், ஹலால் பார்ப்பவருக்கு எது ஆகும் என்று அவரவருக்குத் தெரியாதா?

ஃபுட் ஃப்ரம் தி ஹார்ட் என்ற உணவு உதவி அமைப்பை அறிந்திருப்பீர்கள். பேக்கரிகளில் மிஞ்சிய ரொட்டி வீணாவதைக் கேள்விப்பட்டு, இங்கே குடியிருந்த ஓர் ஆஸ்திரியத் தம்பதி 2003இல் தொடங்கியது. அந்த அமைப்பு 2020இல் மவுண்ட்பேட்டனில் ஒரு சமூகக் கடை திறந்தது. பதிவு செய்த குடும்பங்கள் மளிகைக் கடைக்குப் போவதுபோல் போய், அலமாரியைப் பார்த்து, தமக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் பாட்டிக்கு இப்படி ஒரு கடை பக்கத்தில் இருந்திருக்கலாம்.

சரி, நேரம் ஆகிவிட்டது என்று கை காட்டுகிறார்கள். உணவகங்களைப் பற்றி நிறையச் சொல்ல நினைத்திருந்தேன், ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். மிஞ்சியதைக் கொடுத்து யாருக்காவது வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் வழக்கு வருமோ என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். நல்ல நிலையில், பாதுகாப்பு விதிகளைப் பின்பற்றிக் கொடுப்பவர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தரும் மசோதா 2024 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிவிட்டது. கடை வைத்திருப்பவர்கள் விசாரித்துப் பாருங்கள்.

மற்றவர்கள், அடுத்த முறை தேக்கா சந்தைக்குப் போகும்போது, கொடுப்பதற்கென்று துவரம் பருப்பு ஒரு பாக்கெட் கூடுதலாக வாங்குங்கள். தேதியைப் பார்த்து வாங்குங்கள். புளியும் சேர்த்து.

நன்றி, வணக்கம்.