மூடப்போற கடையில எல்பி இசைத்தட்டு வாங்குறது எப்படி? – நேயர் கேள்விக்குப் பதில்

அடுத்த கேள்வி. மாயவரத்துலேருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. ‘கும்பகோணத்துல பழைய ரெக்கார்டிங் சென்டர் ஒண்ணை மூடுறாங்க. எல்பி எது எடுத்தாலும் 150 ரூபாய். கடைசி நாள்வரைக்கும் பொறுத்தா விலை இறங்குமா? நிமிஷத்துக்கு 78 சுத்து சுத்துற பழைய தட்டு, அந்த 78-உம் கிடக்கு, எடுக்கலாமா?’

இறங்கும் தம்பி. ஆனா அப்ப அங்க என்ன மிச்சம் இருக்கும்? முதல் நாளே போயிருங்க. பத்து தட்டா எடுத்துவச்சுட்டுக் கேட்டா அவங்களே குறைப்பாங்க.

ரெக்கார்டிங் சென்டர்னு சொன்னீங்க பாருங்க, அதான் நல்ல சேதி. நம்ம பக்கம் பழைய தட்டு நிறைய மைக் செட்காரங்க கிட்டேருந்துதான் வரும். கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழான்னு விடியக்காலையிலேயே குழாய் கட்டி ஓட்டினது, தேயாம என்ன செய்யும்! ரெக்கார்டிங் சென்டர் கதை வேற. 80கள்ல நாம பேப்பர்ல பாட்டு எழுதிக் குடுப்போம், அவங்க எல்பியிலேருந்து கேசட்ல பதிஞ்சு தருவாங்க. தட்டுல கீறல் விழுந்தா பதியிற கேசட்டுல எல்லாம் அது கேக்கும். அதனால கண்ணும் கருத்துமா வச்சிருப்பாங்க. என்ன, எல்லாரும் கேட்ட ஹிட்டுப் பாட்டு மட்டும் தேஞ்சிருக்கும். ரெண்டு பக்கமும் பாருங்க.

ட்யூப்லைட்ல பார்த்தா எல்லாத் தட்டும் புதுசாத்தான் தெரியும். வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்துல சாய்ச்சுப் பிடிங்க. கறுப்பு மங்கி சாம்பல் பூத்த மாதிரி இருந்தா வச்சிருங்க, அது தேஞ்சது. கோடு தெரிஞ்சா நகத்தால மெதுவா தடவுங்க. நகம் தட்டினா ஊசியும் தட்டும். அப்புறம் கண் மட்டத்துக்குத் தூக்கி விளிம்பைப் பாருங்க, நெளிஞ்சிருக்கான்னு.

வெள்ளைப் புள்ளிக்குப் பயப்படாதீங்க. ஐப்பசி கார்த்திகை ஈரத்துல பூஞ்சை பிடிக்காத தட்டு டெல்டாவுல ஏது? பாத்திரம் கழுவுற சோப்புத் தண்ணி ரெண்டு சொட்டு, மெல்லிசுத் துணி, நடு லேபிள் நனையாம வட்டமா துடைங்க. கடைசியில டிஸ்டில்டு வாட்டர். அட்டையைக் கரையான் அரிச்சிருந்தாலும் பரவாயில்ல, உள்ள இருக்கறதைத்தானே கேக்கப்போறோம்.

ஆனா அட்டையை நம்பிடாதீங்க. நான் ஒரு தடவை நாகூர் ஹனிபா அட்டையைப் பார்த்து ஆசையா வாங்கிட்டு வீட்டுல உருவினா, உள்ள இந்திப் படப் பாட்டு! அதையும் கேட்டேன், வேற வழி?

78 விஷயத்துக்கு வர்றேன். அது அரக்குல செஞ்சது. கை தவறினா ஓடு மாதிரி உடையும். ஸ்பிரிட் போட்டுத் துடைச்சா அரக்கு கரைஞ்சு தட்டே போயிரும். அதோட பள்ளம் எல்பியை விடக் கிட்டத்தட்ட மூணு மடங்கு அகலம். எல்பி ஊசியைப் போட்டா பெரிய வாய்க்கால்ல சின்ன ஓடம் மாதிரி அலையும். தனி ஊசியும் 78 ஸ்பீடும் உங்க செட்ல இல்லன்னா வேணாம். ஒரே ஒரு விதிவிலக்கு: திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை நாகசுரம் கண்ணுல பட்டா யோசிக்காம எடுங்க. பக்கத்துக்கு மூணு நிமிஷம்தான் இருக்கும், இருக்கட்டுமே. ஊசியை அப்புறம் தேடிக்கலாம்.

பஸ்ல வரும்போது மடியில நிமித்தி வச்சுக்குங்க. இன்ஜின் மேல வச்சிடாதீங்க, எல்பி சூட்டுல வடகமா வளைஞ்சிரும்.