டிராக்டர் இல்லாத பாதை

அன்பார்ந்த நேயர்களுக்கு வணக்கம்.

ஆடி மாதத்தில் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். எழுந்து நின்று மிதித்தாலும் வண்டி நகராது. பள்ளிக்கூடம் போன நாட்களில் நாங்கள் ஒரு வேலை செய்வோம். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் ஏதாவது மெதுவாகப் போனால் அதன் பின்னால் ஒட்டிக்கொள்வோம். சட்டென்று காற்றின் இரைச்சல் அடங்கிவிடும். செயின் ஓடுகிற சத்தம் கூடக் கேட்கும். கால் தன்பாட்டில் சுற்றும். டிராக்டர் வயல்பக்கம் திரும்பியதும் காற்று மறுபடி நெஞ்சில் வந்து அறையும். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் இதைச் செய்ய வேண்டாம், ஆபத்து.

சாலைச் சைக்கிள் பந்தயத்தின் சூட்சுமமே அந்த டிராக்டர்தான். நூறு இருநூறு பேர் கூட்டமாகப் போகும்போது முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார், பின்னால் ஒட்டி வருகிறவர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உழைப்பை மிச்சம் பிடிக்கிறார். ஆனால் டைம் ட்ரையல் என்று ஒரு பந்தயம் உண்டு. அதில் டிராக்டர் கிடையாது. ஒரு சின்ன மேடை, அதிலிருந்து சாலைக்கு இறங்கும் சரிவுப் பலகை. ஒருவர் பின்னாலிருந்து சீட்டைப் பிடித்துக்கொள்வார். கடைசி ஐந்து வினாடியை விரல் மடக்கி எண்ணுவார்கள். பிறகு நீங்கள், சாலை, கடிகாரம். அடுத்தவர் ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ கழித்துத்தான் புறப்படுவார். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் ‘கடிகாரத்துக்கு எதிராக’ என்றே சொல்கிறார்கள்.

நான் பல வருடங்களாக மனதில் வைத்திருக்கும் மனிதர் ஒருவர் இருக்கிறார். பெயர் கிறிஸ் போர்ட்மன். 1968-இல் பிறந்தவர், இங்கிலாந்தின் விர்ரல் (Wirral) பகுதியைச் சேர்ந்தவர், தச்சு வேலை பார்த்தவர். 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் 4000 மீட்டர் துரத்தல் போட்டியின் இறுதிச் சுற்றில், தடத்தின் எதிர்ப்பக்கத்தில் புறப்பட்ட ஜெர்மானிய வீரரை எட்டியே பிடித்துவிட்டார். சைக்கிளில் பிரிட்டனுக்கு 72 ஆண்டுகளுக்குப் பிறகு வந்த தங்கம் அது. ஆனால் ஊரெல்லாம் அவரைப் பற்றி அல்ல, அவர் ஓட்டிய கறுப்பு லோட்டஸ் சைக்கிளைப் பற்றிப் பேசியது. எனக்கு அதில் இன்றும் வருத்தம் உண்டு. மறு ஆண்டு கான் என்ற பிரெஞ்சு அணியில் சேர்ந்து தொழில்முறை வீரரானார்.

காற்றைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. வேகம் இரண்டு மடங்கானால் காற்று நம்மைத் தடுக்கிற விசை நான்கு மடங்காகும். அதை எதிர்த்து மிதிக்கத் தேவைப்படும் திறன் எட்டு மடங்கு. மணிக்கு 50 கிலோமீட்டரிலிருந்து 55-க்குப் போக வேண்டுமா? கூடுவது ஐந்து கிலோமீட்டர்தான், ஆனால் கால் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாக உழைக்க வேண்டும். அந்தக் காற்றும் சைக்கிளைவிட மனித உடம்பின் மேல்தான் அதிகம் மோதுகிறது. அதனால்தான் டைம் ட்ரையல் வீரர்கள் முழங்கைகளை ஒடுக்கி, முதுகைப் பலகை போல் சமப்படுத்தி, தலையைத் தோள்களுக்கு நடுவே புதைத்துக்கொள்கிறார்கள். போர்ட்மன் அப்படி மடங்கி உட்கார்ந்தால் மேலுடம்பு அசையாது. கால்கள் மட்டும்தான் சுற்றும்.

ஆனால் உடம்பை மடக்குவதைவிடக் கடினமான ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் வந்தேன். எவ்வளவு வேகத்தில் போவது? வழிகாட்ட முன்னால் யாரும் இல்லை, டிராக்டர் இல்லை என்றேனே. ஆரம்பத்தில் கொட்டிவிட்டால் கடைசியில் கால் கட்டிப்போகும். சேமித்து வைத்தால், கோட்டைத் தாண்டிய பிறகு மிச்சமிருக்கும் பலத்தை வைத்து என்ன செய்வது? போர்ட்மன் இதற்கு ஒரு வழி சொல்வார். வழியெல்லாம் தன்னைத்தானே கேட்டுக்கொண்டே போக வேண்டுமாம், இந்த வேகத்தை முடிவு வரை தாங்க முடியுமா என்று. ‘முடியும்’ என்று பதில் வந்தால் நீங்கள் போதுமான அளவு முயலவில்லை. ‘முடியாது’ என்று வந்தால் காரியம் கெட்டுவிட்டது. வர வேண்டிய பதில் ‘ஒருவேளை முடியலாம்’.

நேயர்களே, அந்த ‘ஒருவேளை’யை நினைத்துப் பாருங்கள். ஏழெட்டு நிமிடமானாலும் சரி, ஒரு மணி நேரமானாலும் சரி, முடியும் என்ற பக்கமும் சாயாமல் முடியாது என்ற பக்கமும் சாயாமல் நடுவிலேயே நிற்க வேண்டும். தொடை எரிகிறது, மூச்சு முட்டுகிறது, அப்போதும் கணக்குத் தப்பக்கூடாது. இந்தப் பந்தயத்தில் எனக்குப் பிடித்தது இதுதான்.

1994 ஜூலையில் பிரான்சின் லில் நகரில், மூன்று வாரம் கட்டம் கட்டமாக நடக்கும் டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயம் தொடங்கியது. தொடக்க ஓட்டம் 7.2 கிலோமீட்டர் டைம் ட்ரையல். அதுதான் போர்ட்மனின் முதல் டூர். சராசரி வேகம் மணிக்கு 55.152 கிலோமீட்டர். அதுவரை டூரின் எந்த டைம் ட்ரையலிலும் யாரும் அந்த வேகத்தில் போனதில்லை. அந்தக் காலத்தின் பெரிய வீரர் மிகெல் இந்துராயினே 15 வினாடி பின்னால். மொத்த நேரத்தில் முன்னணியில் இருப்பவர் அணியும் மஞ்சள் ஜெர்சி போர்ட்மன் கைக்கு வந்தது. டூர் கடலைத் தாண்டி இங்கிலாந்துக்குள் நுழையவிருந்த நேரம் அது. நுழைவதற்கு முந்தைய நாள், அணியாக ஓடும் டைம் ட்ரையலில் ஜெர்சி பறிபோனது. சொந்த மண்ணில் அதைப் போட்டுக்கொண்டு ஓட்டக் கொடுத்து வைக்கவில்லை. அதே ஆண்டு சிசிலியின் அக்ரிஜெந்தோவில் ஆண்களுக்கான முதல் டைம் ட்ரையல் உலகப் போட்டி நடந்தது. அதை வென்றவரும் அவர்தான்.

மறு ஆண்டு டூர் பிரான்சின் சான் பிரியூ நகரில் தொடங்கியது. தொடக்க ஓட்டத்தில், மழை கொட்டிய மாலையில், வளைவில் வழுக்கி விழுந்தார், கணுக்கால் எலும்பு முறிந்தது. 1998-இல் டப்ளினில் தொடக்க ஓட்டத்தை வென்றார். மஞ்சள் ஜெர்சியோடு இரண்டாம் கட்டத்தில் ஓட்டும்போது மறுபடி விழுந்து டூரை விட்டு வெளியேறினார். எலும்பு வலுவிழந்து வருவதையும் மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். அதற்கான சிகிச்சைக்குத் தேவைப்பட்ட ஹார்மோன், தடை செய்யப்பட்ட மருந்துப் பட்டியலில் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொள்ளவில்லை. சிகிச்சை இல்லாமலேயே 2000 வரை ஓட்டினார்.

அந்த 2000-இன் கடைசி ஓட்டத்துக்கு வருகிறேன். ஒரு மணி நேர சாதனை என்று ஒன்று உண்டு. மூடிய தடத்தில் ஒரு மணி நேரம், எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்பதுதான் கணக்கு. டைம் ட்ரையலின் தாய் என்பேன். 1996-இல் மான்செஸ்டரில் போர்ட்மன் 56.375 கிலோமீட்டர் போயிருந்தார், கைகளை முன்னால் நீட்டிப் பறப்பது போன்ற நிலையில். பிறகு சர்வதேசச் சைக்கிள் சங்கம் அந்த நிலையைத் தடை செய்தது. சாதனைக்கு வர வேண்டுமானால் 1972-இல் பெல்ஜிய வீரர் எடி மெர்க்ஸ் மெக்சிகோவில் ஓட்டிய மாதிரி சைக்கிள்தான் வேண்டும் என்று 2000-இல் விதி வந்தது. உருண்டைக் குழாய், கம்பிச் சக்கரம், வளைந்த ஹேண்டில்பார். மெர்க்ஸ் போன தூரம் 49.431 கிலோமீட்டர்.

2000 அக்டோபர் 27, மான்செஸ்டர். போர்ட்மனுக்கு வயது 32. சுற்றுக்கு 250 மீட்டர். அவர் ஓட்டுவது ஒரு கடிகாரத்தை எதிர்த்து மட்டும் அல்ல, 28 வருடத்துக்கு முந்தைய இன்னொரு மனிதனை எதிர்த்தும். ஒவ்வொரு சுற்றிலும் மெர்க்ஸ் இங்கே இருந்திருப்பார், நீ இங்கே இருக்கிறாய் என்ற கணக்கு. மணி முடிந்தது. அளந்தார்கள். 49.441.

பத்து மீட்டர். நீங்கள் இருக்கும் அறையின் சுவரிலிருந்து தெருவாசல் வரைக்கும் இருக்கலாம். அந்த வேகத்தில் பத்து மீட்டர் கடக்க முக்கால் வினாடிகூட ஆகாது. ஒரு மணி நேரம் முழுவதும் ‘ஒருவேளை’யில் நின்றவருக்குக் கிடைத்த பத்து மீட்டர் அது. அதோடு ஓய்வு பெற்றார்.

நேரம் நெருங்கிவிட்டது என்று சைகை காட்டுகிறார்கள். ஸ்காட்லாந்தின் கிரேம் ஓப்ரீயைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். 1993 ஜூலையில் ஓப்ரீ ஒரு மணி நேர சாதனையை உடைத்த ஆறாவது நாளே போர்ட்மன் அதைத் திரும்ப உடைத்த கதை அது. இப்போது முடியாது. ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். போர்ட்மனின் தாயாரும் சைக்கிள் ஓட்டியவர். 2016-இல் சாலையில் சைக்கிளில் போகும்போது வாகனம் மோதி இறந்தார். மறு ஆண்டு போர்ட்மன் மான்செஸ்டர் பெருநகரத்தின் சைக்கிள், நடை ஆணையராகப் பொறுப்பேற்றார். பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பயமில்லாமல் சைக்கிளில் போகிற மாதிரி தெருக்களை அமைக்க வேண்டும் என்பதுதான் அவர் பேச்சு.

வணக்கம்.