சீன வாள்சண்டைப் படத்தில் கிடைக்கும் ருசி கேமில் ஏன் கிடைப்பதில்லை?

அடுத்த கேள்விக்கு வருவோம். ஒரு நேயர் எழுதியிருக்கிறார்: "சீன வாள்சண்டைப் படங்கள் எனக்கு உயிர். ஆன்லைன் ஃபேண்டஸி ரோல்பிளேயிங் கேம்களும் ஆடுகிறேன். கேமில் எப்போதும் குங்ஃபூ வீரன் மாதிரி கேரக்டர்தான் எடுப்பேன். ஆனால் படத்தில் கிடைக்கிற ருசி கேமில் வரவில்லை, பட்டனை அமுக்கிக்கொண்டே இருக்கிறேன். நான் தப்பான கேம் ஆடுகிறேனா? இன்னொன்று, படத்தில் அவர்கள் பறப்பதைப் பார்த்து வீட்டில் சிரிக்கிறார்கள். என்ன பதில் சொல்வது?"

எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கேமை மாற்றுவதைப் பிறகு பார்க்கலாம். படத்தில் நீங்கள் எதை ரசிக்கிறீர்கள்? அடிக்கிறவரை என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் சொல்வது, அந்தச் சண்டைகளின் அழகில் பாதிக்கு மேல் அடியை எதிர்கொள்கிறவரிடம் இருக்கிறது. தடுக்கிறார், விலகுகிறார், வந்த வேகத்தை வாங்கி வேறு பக்கம் திருப்பிவிடுகிறார். அங்கேதான் நம் மூச்சு நிற்கிறது.

1966-இல் ஹாங்காங்கின் ஷா பிரதர்ஸ் நிறுவனம் தயாரித்து, கிங் ஹூ இயக்கிய 'கம் ட்ரிங்க் வித் மீ' என்ற படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கதாநாயகி செங் பெய்-பெய் நடனம் பயின்றவர். சத்திரத்தில் ஒரு காட்சி வரும். சுற்றிலும் ரவுடிகள், நடுவில் இவர் மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவர்கள் சீண்டச் சீண்ட, பெரிய ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், வருவதை வருகிற இடத்திலேயே முடித்துவிடுகிறார். இவர் முதலில் கையை ஓங்கவில்லை, ஆனால் அந்த அறையில் யார் பெரியவர் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தச் சண்டை முறை, பாட்டும் நடிப்பும் சண்டையும் கலந்த சீன மேடை நாடகமான பீக்கிங் ஓபராவிலிருந்து வந்தது. கிங் ஹூவுக்குச் சண்டை அமைத்த ஹான் யிங்-ஜியே அந்த மேடையில் வளர்ந்தவர். ஜாக்கி சான், சாம்மோ ஹங், யுவென் பியாவ் மூவருமே சிறுவயதில் ஹாங்காங்கில் யூ ஜிம்-யுவென் என்ற ஆசிரியரின் ஓபரா பள்ளியில் பயின்றவர்கள். அங்கே குட்டிக்கரணமும் விழுவதும் அடிப்படைப் பாடம். தாளத்துக்குத் தகுந்தபடி ஒருவர் வீச, அதே தாளத்தில் இன்னொருவர் ஏற்க வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் ஒரு சொல்லை வாசிக்க, கஞ்சிரா அதை வாங்கிப் பதில் சொல்லுமே, அந்த மாதிரி. பதில் சொல்ல ஆள் இல்லையென்றால் முதல் வாசிப்புக்கும் மதிப்பு இல்லை.

ஆங் லீயின் 'க்ரவுச்சிங் டைகர், ஹிட்டன் டிராகன்' (2000) நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதில் மிஷெல் யோவும் ஜாங் சீயீயும் முற்றத்தில் மோதும் சண்டையை மட்டும் தனியாக எடுத்து மறுபடியும் பாருங்கள். சின்னவள் (ஜாங் சீயீ) கையில் எதையும் வெட்டும் வாள். பெரியவள் இரட்டை வாள் எடுக்கிறாள், ஈட்டி எடுக்கிறாள், கொக்கி வாள் எடுக்கிறாள். ஆயுதம் ஒவ்வொன்றாகப் போகிறது, அவள் நிதானம் மட்டும் போகவில்லை. கடைசியில் உடைந்துபோன வாளின் மிச்சத்தை எதிரியின் கழுத்தருகே வைத்து நிறுத்துகிறாள். வெட்டவில்லை. நல்ல ஆயுதம் யாரிடம் இருக்கிறது, தேர்ச்சி யாரிடம் இருக்கிறது என்பதைச் சண்டையிலேயே சொல்லிவிடுகிறார்கள். சண்டை அமைத்தவர் யுவென் வூ-பிங். மிஷெல் யோவும் பாலே பயின்றவர்தான். அதே படத்தில் வில்லியாக வருபவர், முதலில் சொன்ன செங் பெய்-பெய், 34 வருஷத்துக்குப் பிறகு!

பறப்பதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பீக்கிங் ஓபராவில் நடிகர் கையில் ஒரு சாட்டை இருந்தால் அவர் குதிரையில் போகிறார் என்று அர்த்தம், மேடையை ஒரு சுற்று வந்தால் நெடுந்தூரம் பயணம் செய்தாகிவிட்டது. பயிற்சி முதிர்ந்தவர் உடம்பின் பாரத்தைக் கடந்துவிடுகிறார் என்பதும் அப்படி ஒரு கதை மரபு. நாவல்களில் இருந்தது, சினிமாவில் கம்பி கட்டிக் காட்டினார்கள். வீட்டில் இதைச் சொல்லிவிட்டு, 'க்ரவுச்சிங் டைகர்' படத்தின் மூங்கில் காட்டுச் சண்டையைச் சத்தத்தோடு ஒருமுறை போட்டுக் காட்டுங்கள்.

சரி, கேமுக்கு வருவோம். நீங்கள் எடுக்கிற கேரக்டர் பெரும்பாலும் எதிரிக்கு டேமேஜ் (சேதம்) கொடுக்கிற வேலைக்காரன் என்று நினைக்கிறேன். டேங்க் (எதிரியின் அடியைத் தாங்குகிறவர்), ஹீலர் (குழுவின் காயத்தை ஆற்றுகிறவர்), டேமேஜ் என்று மூன்று வேலை இருக்கும் கேம்களில், டேமேஜ் ஆள் ஒரே வரிசையில் ஸ்கில்களைத் திரும்பத் திரும்ப அமுக்க வேண்டியிருக்கும். எதிரி என்ன செய்கிறான் என்று பார்க்கவே நேரம் இருக்காது. நீங்கள் படத்தில் ரசித்த பாதி அங்கே இல்லை.

அதனால் டேங்க் எடுத்துப் பாருங்கள். 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்'டில் 2012-இல் பாண்டாரியா விரிவாக்கத்தோடு மங்க் (துறவி) என்ற கேரக்டர் வகை வந்தது. அதில் ப்ரூமாஸ்டர் என்ற டேங்க் வகை உண்டு. விழுகிற அடியின் ஒரு பகுதி உடனே உயிரைக் குறைக்காது, அடுத்த சில நொடிகளுக்குத் துளித்துளியாகப் பிரிந்து இறங்கும். இதற்கு ஸ்டாகர் என்று பெயர். சரியான நேரத்தில் ஒரு மடக்கு மது குடித்தால், இன்னும் இறங்க வேண்டிய பாக்கியில் ஒரு பங்கு கழிந்துவிடும். தள்ளாடித் தள்ளாடியே அடியின் வேகத்தைக் கரைக்கிற போதைக் குங்ஃபூவை இவ்வளவு நேர்த்தியாகக் கேம் கணக்காக மாற்றியிருக்கிறார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வடிவமைப்பு இது. 1978-இல் வந்த 'ட்ரங்கன் மாஸ்டர்' பார்த்தவர்களுக்குச் சட்டென்று புரியும். அந்தப் படத்தின் இயக்குநரும் யுவென் வூ-பிங்தான், குருவாக நடித்தவர் அவருடைய அப்பா.

சீனாவில் 2012-இல் வந்த 'ஏஜ் ஆஃப் வூஷு' என்ற கேம் இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே லெவல் என்பதே கிடையாது, ஷாவோலின், வூடாங் என்று ஒரு பள்ளியில் சேர்ந்து கலையைப் பயில வேண்டும். நேரடி அடியைத் தடுப்பு நிறுத்தும், தடுப்பைப் பொய்வீச்சு உடைக்கும், பொய்வீச்சை நேரடி அடி முறிக்கும். எதிராளியின் மனதைப் படிக்காமல் ஜெயிக்கவே முடியாது. இப்போது ஆடுவதென்றால் 'வேர் விண்ட்ஸ் மீட்' இருக்கிறது. சீனாவுக்கு வெளியே 2025 நவம்பரில் வந்தது, இலவசம். சோங் வம்சம் தலையெடுக்கும் பத்தாம் நூற்றாண்டில் நடக்கிற கதை. எதிரியின் அடியைச் சரியான நொடியில் தட்டிவிடுவதுதான் அதன் சண்டைக்கு உயிர்.

இந்த மாதிரி கேமில் பிங், அதாவது உங்கள் கணினிக்கும் சர்வருக்கும் இடையே தகவல் போய்வர ஆகும் நேரம், முக்கியம். சர்வர் தூரமாக இருந்தால் நீங்கள் சரியாகத் தடுத்தும் அடி விழும், உங்கள் கையைக் குறை சொல்லிக்கொள்வீர்கள். பக்கத்து சர்வரைத் தேர்ந்தெடுங்கள், முடிந்தால் வைஃபையை விட்டுவிட்டு கேபிள் போடுங்கள். அப்புறம், குழுவாக ஆடும்போது மற்றவர்களின் ஸ்கில் எஃபெக்ட்டைக் குறைக்கும் வசதி செட்டிங்கில் இருந்தால் குறைத்துவிடுங்கள். வாண வேடிக்கைக்கு நடுவே எதிரியின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தெரியாது. தோளைப் பார்க்கப் பழகிய பிறகு, டேமேஜ் கேரக்டருக்கே திரும்பிப் போனாலும் உங்கள் ஆட்டம் மாறியிருக்கும்.

ஆடிப் பார்த்துவிட்டு எப்படி இருந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், கட்டாயம் படிப்பேன். அடுத்த கேள்விக்குப் போகலாம்.